கல்லாவில் ஒரு ரூல், மேசையில் ஒரு ரூல்: பாண்டியில் கார்டு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மேஜிக் த கேதரிங் என்கிற கார்டு ஆட்டம் ஆடுகிற கடலூர், பாண்டிப் பிள்ளைகளும் அவர்களுக்குக் காசு கொடுக்கிற பெற்றோரும் இதைப் படித்துவிடுங்கள். நேரு வீதிப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் நடக்கிற கார்டு கடை பற்றியது. பெயர் போடவில்லை. அங்கே போய் வருகிறவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

என் சித்தி பையன் பிளஸ் டூ முடித்த லீவில் இந்த ஆட்டத்தில் இறங்கினான். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் ஆடுவோம். பார்த்துப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. சொந்தமாக டெக் (ஆடுகிற கார்டுக் கட்டு) வேண்டும் என்று பஸ் ஏறிப் பாண்டிக்குப் போனான். கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். "தம்பி, இந்த ரெண்டு கார்டு டெக்குல இருந்தா உன்ன எவனும் அசைக்க முடியாது. ஒண்ணை எதுவுமே தொட முடியாது. இன்னொண்ணை லைட்னிங் போல்ட் அடிச்சாலும் சாகாது." முதலாவது ப்ரோஜெனிடஸ். இரண்டாவது டார்மோகாய்ஃப். இரண்டுமே கிரியேச்சர், அதாவது மேசையில் இறங்கிச் சண்டை போடுகிற கார்டு. லைட்னிங் போல்ட் என்பது டேமேஜ் (அடி) கொடுக்கிற கார்டு.

ப்ரோஜெனிடஸை இறக்கப் பத்து மானா (கார்டை இறக்கச் செலவாகிற சக்தி) வேண்டும், அதுவும் ஐந்து நிறத்திலும் இரண்டிரண்டு. புதிதாக ஆட வருகிற பையன் அதை ஒழுங்காக மேசைக்குக் கொண்டுவருவதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். அக்கறை உள்ள கடைக்காரர் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பார். டார்மோகாய்ஃப் விலை அதைவிட மோசம். 2007-இல் வந்த கார்டு அது. ஒரு காலத்தில் 100 டாலருக்கு மேல் போனது உண்மைதான். 2013, 2015, 2017 மாடர்ன் மாஸ்டர்ஸ் தொகுப்புகளில் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். அந்த விலை மலையேறி வருஷக்கணக்கு ஆகிறது. இவரோ பழைய விலையைக் காட்டி, "உனக்காகப் பாதிக்குக் குடுக்கறேன்" என்று ஆளைக் கவிழ்த்திருக்கிறார். பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும் தம்பி, ஜிபே பண்ணிடு."

அடுத்த வாரம் அதே கடையில் மாடர்ன் (ஆட்டத்தில் ஒரு வகை) டோர்னமென்ட். நுழைவுக் கட்டணம் 400 ரூபாய், முதல் பரிசு ஒரு பூஸ்டர் பாக்ஸ் (கார்டு பாக்கெட்டுகள் அடங்கிய பெட்டி). தம்பி பெயர் கொடுத்தான், நானும் கொடுத்தேன். ஜட்ஜ் யார் என்றால் கடைக்காரரேதான். ஆடுகிறவர்களில் அவர் மச்சினனும் ஒருத்தர்.

இரண்டாவது ரவுண்டில் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தது அந்த மச்சினன். மானாவைத் தட்டுத்தடுமாறிச் சேர்த்து ப்ரோஜெனிடஸை இறக்கிவிட்டான் பையன். முகத்தைப் பார்க்கணுமே! மச்சினன் ராத் ஆஃப் காட் போட்டார். மேசையில் இருக்கிற எல்லா கிரியேச்சரையும் அழிக்கிற கார்டு. தம்பி கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிட்டான். "அண்ணா, இதை எதுவும் தொடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "இது டார்கெட் பண்ணலையேப்பா, போயிடும்" என்றார்.

இந்தத் தீர்ப்பு சரி. தப்பு கல்லாவில் நடந்தது. ப்ரோஜெனிடஸ் கார்டில் இருக்கிற ப்ரொடெக்‌ஷன் என்ற சொல் தடுப்பது நாலே விஷயங்களை: அந்த வகையிலிருந்து வரும் டேமேஜ், மேலே வந்து ஒட்டும் என்சான்ட்மென்ட் அல்லது எக்விப்மென்ட் கார்டு, பிளாக் (எதிரி கிரியேச்சர் குறுக்கே நின்று மறிப்பது), டார்கெட் (குறிவைப்பது). "எல்லாவற்றிலிருந்தும் ப்ரொடெக்‌ஷன்" என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் அந்த நாலுக்கு மேல் ஒன்றும் கிடையாது. ராத் ஆஃப் காட் யாரையும் குறிவைப்பதில்லை, டேமேஜும் கொடுப்பதில்லை, நேராக அழிக்கிறது. ப்ரோஜெனிடஸ் கிரேவ்யார்டுக்கு (செத்த, வேலை முடிந்த கார்டுகள் கிடக்கிற குவியல்) போகாமல் டெக்குக்குள் கலந்துவிடும், அவ்வளவுதான் ஆறுதல். ஆக, மேசையில் இவ்வளவு தெளிவாக ரூல் தெரிகிற மனுஷருக்குக் கல்லாவிலும் அது தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அதே ரவுண்டின் அடுத்த ஆட்டம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். தம்பியிடம் டார்மோகாய்ஃப். எல்லா கிரேவ்யார்டுகளிலும் எத்தனை வகைக் கார்டு கிடக்கிறதோ அதுதான் அதன் பவர். டஃப்னஸ் அதைவிட ஒன்று கூட. பவர் என்பது அடிக்கிற பலம், டஃப்னஸ் தாங்குகிற பலம்; அந்த அளவு டேமேஜ் விழுந்தால் செத்துவிடும். அப்போது கிடந்தவை ஒரு கிரியேச்சரும் ஒரு லேண்டும் மட்டும். அதாவது பவர் 2, டஃப்னஸ் 3, சுருக்கமாக 2/3. மச்சினன் லைட்னிங் போல்ட் அடித்தார், மூன்று டேமேஜ். ஜட்ஜ் எட்டிப் பார்த்து, "மூணுக்கு மூணு, செத்துச்சு" என்றார்.

சாகாது. இந்த ஆட்டத்தில் வருஷக்கணக்காகப் புதியவர்களுக்குச் சொல்லித் தருகிற பாடமே இந்த இரண்டு கார்டுதான். போல்ட் வேலை செய்யும்போது டேமேஜ் விழும். அது தன் வேலையை முடிக்கிற கடைசிப் படியாகத் தானே கிரேவ்யார்டுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் யார் செத்தார் என்று ஆட்டம் கணக்குப் பார்க்கும். ஸ்டேட் பேஸ்டு ஆக்‌ஷன் என்பார்கள். ரூல் புத்தகத்தில் 704. ஒரு ஆட்டக்காரருக்குப் ப்ரையாரிட்டி (அடுத்துக் கார்டு போடுகிற உரிமை) கிடைக்கப் போகிற நேரத்தில்தான் அந்தச் சோதனை நடக்கும், ஒரு கார்டு பாதி வேலையில் இருக்கும்போது நடக்காது. சோதிக்கிற நேரத்தில் போல்ட், அதாவது இன்ஸ்டன்ட் என்ற மூன்றாவது வகை கிரேவ்யார்டில் வந்து உட்கார்ந்தாயிற்று. டார்மோகாய்ஃப் இப்போது 3/4. வாங்கிய டேமேஜ் மூன்று. பிழைத்தது. கிரேவ்யார்டில் ஏற்கெனவே ஒரு இன்ஸ்டன்ட் கிடந்திருந்தால் கதை வேறு, வகை கூடாது. இங்கே அப்படி இல்லை.

கல்லாவில் இதையேதான் அவர் வாயால் சொல்லி விற்றார். "போல்ட் அடிச்சாலும் சாகாதுன்னு சொன்னீங்களேண்ணா" என்று தம்பி கேட்டதற்கு, "அது வேற சிச்சுவேஷன்" என்று பதில். நான் போனில் கேதரர் தளத்தைத் திறந்து நீட்டினேன். அது ஆட்டத்தை வெளியிடுகிற நிறுவனத்தின் சொந்தத் தளம், காசு கிடையாது. கார்டின் இன்றைய அதிகாரபூர்வ வாசகம் அங்கே இருக்கும். கார்டில் அச்சாகியிருப்பதும் அதுவும் வேறுபட்டால் தளத்தில் இருப்பதுதான் செல்லும். டோர்னமென்ட்டில் அந்த வாசகத்தைக் கேட்டுப் பார்க்கிற உரிமை ஆடுகிறவனுக்கு எழுத்தில் உண்டு. அவர் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் கடை, என் ஜட்ஜ்மென்ட்." அதோடு பையன் வெளியே.

நாலாவது ரவுண்டில் மச்சினனுக்கு எதிரே நான். அவருடைய மாக் ஃபனாட்டிக் ஒரு 1/1. அதைப் பலி கொடுத்தால் யாருக்காவது ஒரு டேமேஜ். என் 2/2-ஐ அது பிளாக் செய்தது. "டேமேஜ் ஸ்டேக்குல போயிடுச்சு, இப்போ சாக்ரிஃபைஸ்" என்று சண்டையில் ஒன்று, பலியில் ஒன்று, ஆக இரண்டு டேமேஜ் கணக்குப் பண்ணி என் கிரியேச்சரைத் தூக்கச் சொன்னார். சண்டை டேமேஜ் ஸ்டேக்கில் (நடக்கக் காத்திருக்கிறவற்றின் அடுக்கு) ஏறுகிற ரூல் 2009-லேயே, மேஜிக் 2010 வந்தபோதே எடுத்தாயிற்று. இப்போது டேமேஜ் விழும் முன்பே பலி கொடுத்தால் அந்த ஒன்றுதான். காத்திருந்தால் அடி விழுந்து அதுவே செத்துப்போகும். ஜட்ஜ் தீர்ப்பு? மச்சினன் பக்கம்தான். இதை அறியாமை என்றுகூட விட்டுவிடலாம், பழைய காலத்தில் கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் ஆடுகிறார்கள். ஆனால் அறியாமை எப்படி ஒவ்வொரு தடவையும் ஒரே வீட்டுக்காரருக்கே சாதகமாக விழுகிறது? பாக்ஸ் யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாள் சித்தப்பாவும் நானும் போய்க் கார்டுகளை வைத்துவிட்டுப் பணத்தைக் கேட்டோம். சித்தப்பாவுக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் அவர் கேட்ட ஒரே கேள்வி பாயிண்டு: "ஏன் சார், விக்கும்போது சாகாது, ஆடும்போது செத்துடும்னா நான் எதை நம்பி வாங்கறது?" பதில் இல்லை. "வித்த பொருள் ரிட்டன் கிடையாது, வேணும்னா ஸ்டோர் கிரெடிட் போட்டுக்கங்க."

இங்கே சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளின் பயன் பற்றிப் பொய் சொல்லி விற்பதும், பில் கொடுக்க மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைப் பட்டியலில் வருகின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஜிபே ரசீது, கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலை, டோர்னமென்ட் அறிவிப்பு, மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் புகார் பதிந்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்கு: எந்தக் கடையிலும் டோர்னமென்ட்டுக்குப் பணம் கட்டும் முன் ஜட்ஜ் யார், அவர் வீட்டு ஆள் யாராவது ஆடுகிறாரா, தகராறு வந்தால் கேதரர் வாசகத்தைப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். கூடவே, மாக் ஃபனாட்டிக் பிளாக் செய்துவிட்டுப் பலியானால் மொத்தம் எத்தனை டேமேஜ் என்றும் சும்மா கேட்டு வையுங்கள். இரண்டு என்று பதில் வந்தால் 400 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொண்டு படியிறங்கிவிடுங்கள்.