காதுக்குள் ஸ்டீரியோ: மிக்சரின் பஸ்ஸா, ஆளுக்கொரு பெட்டியா?

எங்கள் மெல்லிசைக் குழு மேடை மானிட்டர் ஸ்பீக்கர்களை விட்டு இயர்போனுக்கு மாறியபோது, பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்சரும் மைக்குகளையும் இயர்போன் கேபிள்களையும் செருக மேடையில் வைக்கும் எஸ்16 பெட்டியும் ஏற்கெனவே கையில் இருந்தன. ஆகவே, அவரவர்க்கு வேண்டிய மிக்ஸை மிக்சரின் பஸ்களிலிருந்தே (வேண்டிய ஒலிகளைக் கலந்து தனியே வெளியே அனுப்பும் பாதைகள்) அனுப்புவதா, பி16-எம் என்னும் தனிநபர் மிக்சரை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவதா என்பதே கேள்வியாக இருந்தது. நாங்கள் பஸ் பக்கம் போனோம். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

ஸ்டீரியோ ஏன் என்பதை நீட்ட வேண்டியதில்லை. கீபோர்டு இடப்புறமும் கிட்டார் வலப்புறமும் ஒதுங்கினால் நடுவில் தன் குரல் தெளிவாகக் கேட்கும். பாடகர் சத்தத்தைக் கூட்டச் சொல்வது குறையும்.

பி16-எம்மின் பலம் பெரிது. ஒரே நெட்வொர்க் கேபிளில் 16 சேனல்கள் வந்துவிடும். வாசிப்பவரே ஒவ்வொன்றின் அளவையும் இட வலத்தையும் வைத்துக்கொள்வார். மிக்சரில் ஒரு பஸ்கூடச் செலவாகாது. பஸ் வழியில் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். எக்ஸ்32இல் இருப்பவை 16 பஸ்கள். ஸ்டீரியோவுக்கு ஒற்றைப்படை பஸ்ஸை அடுத்த இரட்டைப்படை பஸ்ஸோடு இணைக்க வேண்டும் என்பதால் ஆளுக்கு இரண்டு போய்விடும். ரிவெர்ப், எக்கோவுக்கு நான்கை ஒதுக்கினால் ஆறு பேருக்கு மிஞ்சும். எஸ்16 பெட்டியின் வெளியீடுகளோ எட்டோடு முடிந்துவிடுகின்றன. ஐந்து பேர் கொண்ட எங்கள் குழுவில் பாடகர் இருவருக்கும் கீபோர்டு வாசிப்பவருக்கும் ஸ்டீரியோ, தபலாவுக்கும் கிட்டாருக்கும் மோனோ என்று பிரித்ததில் எட்டும் சரியாகப் போயிற்று. அரங்கத்துக்கான சத்தத்தை மாற்றும் ஃபேடரை ஏற்றி இறக்கினால் காதுக்குள் மாறாதிருக்க, இந்தப் பஸ்களையெல்லாம் ப்ரீ-ஃபேடரில், அதாவது ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுக்கும் நிலையில், வைக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: மேடையில் ஒருவர் காதில் என்ன கேட்கிறது என்பதை மிக்சரில் நிற்பவர் கேட்க முடியுமா என்பதே அது. பஸ் என்றால் சோலோ பட்டனை அழுத்தி ஹெட்போனை மாட்டினால் போதும். பி16-எம்மிலோ மிக்ஸ் அந்தப் பெட்டிக்குள்ளேயே உருவாவதால், மேடையேறி அவர் இயர்போனை வாங்கிக் கேட்டாலொழியத் தெரியாது. அதிலும் சேனலைத் தேர்ந்தெடுக்கப் பதினாறு பட்டன்களும் அளவுக்குப் பொதுவான ஒரே திருகியும் இருப்பதால், தன் தபலாவைக் கூட்டுவதாக எண்ணிக் கீபோர்டைக் கூட்டிவிடுவது எளிது. நாளுக்கு நாள் ஆட்கள் மாறும் எங்களைப் போன்ற குழுவுக்கு இது சிறிய விஷயமன்று.

ஒரு திருமண வரவேற்பில் இரண்டாவது பாட்டிலேயே பாடகி, தன் குரலே கேட்கவில்லை என்று சைகை காட்டினார். நான் அவருடைய பஸ்ஸைச் சோலோ செய்து பார்த்தேன். குரல் நடுவில் கணீரென்று இருந்தது. அப்படியானால் கோளாறு மிக்சரைத் தாண்டித்தான் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தால், இடுப்பில் மாட்டும் இயர்போன் பெட்டியின் சுவிட்ச் மோனோவில் கிடந்தது. இடதையும் வலதையும் ஒரே எக்ஸ்எல்ஆர் பிளக்கின் 2, 3ஆம் பின்களில் கொண்டுவரும் எங்கள் ஒய்-கேபிளை, மோனோ நிலையில் அந்தப் பெட்டி பேலன்ஸ்டு இணைப்பாக (ஒரே ஒலி இரு பின்களில் எதிரெதிராக வருவது) எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடும். இரண்டிலும் சமமாக உள்ள நடுக்குரல் மறைந்து, ஓரத்துக் கீபோர்டும் கிட்டாரும் மட்டும் கேட்கும். அன்று முதல் சுவிட்சின்மேல் டேப் ஒட்டியே பெட்டியைக் கொடுக்கிறோம்.

பஸ் வழியில் வேலை முழுவதும் மிக்சரில் நிற்பவர் தலையில் விழுகிறது என்பது உண்மை. செல்போன் செயலி மூலம் அவரவரே மாற்றிக்கொள்ளலாம்தான். நெரிசலான மண்டபத்தில் வைஃபையை நம்பி ஐந்து பேருக்கும் அதைக் கொடுக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. வாரந்தோறும் அதே ஆட்கள் அதே இடத்தில் வாசிக்கும் தேவாலயக் குழுவாக இருந்தால் பி16-எம் பக்கம் நானே சாய்ந்திருக்கலாம். வயர்லெஸ் இயர்போனை வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று இரவுகள்தான் பார்த்திருக்கிறேன். அதை இவற்றோடு எடைபோட அந்த அனுபவம் போதாது.