சீவுவதா, சுரண்டுவதா? ஷேவிங் செட்டின் சாய்வுகள்

அடுக்களையில் ஒரே கத்தியை நாம் இரண்டு விதமாகப் பிடிக்கிறோம். மாங்காயின் தோலைச் சீவும்போது கத்தி காயின்மேல் ஏறக்குறையப் படுத்துக்கொண்டு போகிறது. தோல் மெல்லிய சுருளாக விழுகிறது. இஞ்சியின் தோலை எடுக்கும்போது கத்தியை நிமிர்த்திப் பிடித்து இழுக்கிறோம். தோல் துகளாக உதிர்கிறது. முன்னது சீவுதல், பின்னது சுரண்டுதல். பிளேடை மாற்றி மாற்றிப் போடும் ஷேவிங் செட்டைக் கையில் எடுத்தவர் தம் முகத்தில் செய்வதும் இந்த இரண்டில் ஒன்றைத்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். கழுத்து சிவந்து எரியும்போதெல்லாம் பிளேடை மாற்றினேன், சோப்பை மாற்றினேன், என் தோலே இப்படித்தான் என்று முடிவுகட்டிக்கூட விட்டேன். மாற்ற வேண்டியிருந்தது கைப்பிடியின் சாய்வை மட்டும்தான்.

சாய்வுகளை ஒப்பிடுவதற்கு முன் செட்டின் தலையை ஒரு முறை பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். மேலே வளைந்த மூடி. கீழே பிளேடு உட்காரும் அடித்தட்டு. அந்தத் தட்டின் ஓரம் வழவழப்பான சட்டமாகவோ சீப்புப் பற்களாகவோ இருக்கும். அதைத் தடுப்பு என்று இங்கே குறிப்பிடுகிறேன். மூடிக்கும் தடுப்புக்கும் நடுவிலிருந்து பிளேடின் விளிம்பு மயிரிழை அளவுக்கு எட்டிப் பார்க்கும். கைப்பிடியை முகத்திலிருந்து விலக்கிப் பிடித்தால் செட்டின் பாரம் மூடியின்மேல் விழுகிறது, பிளேடு தோலோடு படுத்துக்கொள்கிறது. கைப்பிடியை முகத்தை நோக்கித் தாழ்த்தினால் பாரம் தடுப்புக்கு மாறுகிறது, பிளேடு நிமிர்ந்துகொள்கிறது. முதலாவதை மூடிச் சாய்வு என்றும் இரண்டாவதைத் தடுப்புச் சாய்வு என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையில், மூடியும் தடுப்பும் சேர்ந்தே தோலைத் தொடும் ஒரு நடுச் சாய்வும் உண்டு.

30 டிகிரி என்ற எண்ணைக் கேட்காமல் சவரம் பழகியவர்கள் குறைவு. எதற்கும் எதற்கும் இடையில் 30 என்று கேட்டால் பலரும் கைப்பிடியைக் காட்டுவார்கள். உண்மையில் அது பிளேடுக்கும் தோலுக்கும் இடையிலான கோணம். இந்தக் குழப்பத்தின் வேர் செட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்த வகைச் செட்டை உருவாக்கிய கிங் கில்லெட் 1904 நவம்பரில் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் உயிர்நாடி, வளையக்கூடிய மெல்லிய தகடு என்பதுதான். இன்றைய இருமுனை பிளேடின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். தனியாகப் பிடித்தால் துவளும் அந்தத் தகட்டை மூடிக்கும் தட்டுக்கும் இடையில் வைத்து இறுக்கும்போது அது வளைந்து விறைப்பாகிறது. வளைந்ததால் அதன் இரண்டு ஓரங்களும் கைப்பிடியின் பக்கமாகக் கவிழ்ந்து நிற்கின்றன. ஆகவே கைப்பிடியை முகத்துக்குச் செங்குத்தாகப் பிடித்தால் விளிம்பு தோலைத் தொடவே தொடாது. பிளேடு எவ்வளவு வளைந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் கைப்பிடியைத் தாழ்த்திய பிறகுதான் தொடும். இந்த வளைவு செட்டுக்குச் செட்டு வேறுபடுகிறது. நண்பருடைய கைப்பிடி நிற்கும் கோணத்தைப் பார்த்து நாம் அப்படியே பின்பற்றினால் பிளேடு வேறு கோணத்தில் போய் நிற்பது இதனால்தான்.

பாகைமானி தேவையில்லை. நுரை பூசிய கன்னத்தில் மூடியை மட்டும் வைத்து, கைப்பிடியை நேராக வெளியே நீட்டிப் பிடியுங்கள். சின்னச் சின்ன அசைவாகக் கீழே இழுத்துக்கொண்டே கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்துங்கள். முதலில் மூடி வழுக்கிக்கொண்டு மட்டும் போகும். ஓர் இடத்தில் முடி அறுபடும் ஒலி சன்னமாகக் கேட்கத் தொடங்கும். அங்கே நிறுத்துங்கள். மூடிச் சாய்வு அங்கிருந்து தொடங்குகிறது. மேலும் தாழ்த்திக்கொண்டே போனால் அந்தச் சரசரப்பு கரகரப்பாக மாறும். அப்போது தடுப்புச் சாய்வுக்கு வந்துவிட்டீர்கள். குளியலறை மின்விசிறியை நிறுத்திவிட்டு இதைச் செய்து பார்த்தால் காதே வழிகாட்டிவிடும்.

இனி ஒப்பீடு. ஒரே பிளேடு, ஒரே சோப்பு, இடக் கன்னத்துக்கு மூடிச் சாய்வு, வலக் கன்னத்துக்குத் தடுப்புச் சாய்வு என்று மூன்று வாரம் வைத்துப் பார்த்தேன். முதல் சுற்றில் தடுப்புச் சாய்வுதான் முந்தியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வலக் கன்னத்தைத் தடவினால் உடனே வழவழப்பு தெரிந்தது. இடப்பக்கம் இன்னும் சொரசொரப்பாக இருந்தது. சுரண்டுவதிலிருந்து பலரால் வெளியே வர முடியாததற்கு இந்த முதல் சுற்றின் ஆசைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் முடியின் போக்கோடு ஒன்று, குறுக்காக ஒன்று என இரண்டாம் சுற்றும் முடிந்தபோது இரு கன்னங்களுக்கும் இடையே வித்தியாசம் காண விரல் நுனியால் தேட வேண்டியிருந்தது. மதியத்துக்குள் வலப்பக்கம் மட்டும் வெயில் பட்டதுபோல இழுத்துப் பிடித்தது. மூன்றாம் வாரத்தில் வலத் தாடைக்குக் கீழே சிறு சிறு பருக்கள் வந்துவிட்டன. இடப்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரணம் விளங்காததல்ல. பிளேடு படுத்திருக்கும்போது விளிம்பு தோலுக்கு இணையாக நகர்ந்து முடியின் அடியை அறுக்கிறது. தோலைக் கடந்து போகிறதே தவிரத் தோண்டுவதில்லை. நிமிர்ந்திருக்கும்போது அதே விளிம்பு நுரையையும் முடியையும் தோலின் மேற்படலத்தையும் சேர்த்தே வழித்துக்கொண்டு போகிறது. அதோடு, நிமிர்த்திப் பிடிக்கும் கை தன்னை அறியாமல் அழுத்தவும் செய்கிறது. அழுத்தினால் தடுப்புக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியில் தோல் புடைத்து நுழைகிறது. வெட்டு விழுவது பெரும்பாலும் அங்கேதான். மெல்லிய பிளேடு எதிர்ப்பைத் தாங்காமல் அதிரவும் தொடங்கும். கையில் ஒரு நடுக்கம்போல அது தெரியும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. தோலுக்குக் கீழே போகும் அளவுக்கு ஒட்ட அறுபட்ட சுருட்டை முடி, வளரும்போது திரும்பித் தோலையே குத்தி வீங்கவைக்கும்.

மூடிச் சாய்வுக்கும் குறை உண்டு. அது பொறுமை கேட்கிறது. சாய்வு ஓரிரு டிகிரி குறைந்தாலும் பிளேடு முடியைத் தொடாமல் நுரையை மட்டும் வழித்துவிடும்; வேலை முடிந்தது என்று நினைத்துக் கழுவினால் பாதித் தாடி அப்படியே இருக்கும். காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் இதை முதல் வாரத்திலேயே கைவிட்டுவிடக்கூடும். முடியை நனைக்காமல் தொடங்கினால் இந்தச் சாய்வு இன்னும் தடுமாறும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய முடிதான் படுத்த பிளேடுக்கு எளிதில் இணங்கும். குளித்துவிட்டுச் சவரம் செய்தால் இந்தச் சிக்கலே இல்லை.

நடுச் சாய்வைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் பரிந்துரைப்பது அதைத்தான்; தவறும் இல்லை. ஆனால் அதைக் குறிவைக்கும் கை களைப்பில் தடுப்பின் பக்கமாகத்தான் சரிகிறது. மூடியைக் குறிவைத்தால் சரிந்தாலும் நடுவில்தான் வந்து நிற்கும். இதற்காகவே மூடிச் சாய்வைப் பழகச் சொல்கிறேன்.

தோலோடு பிளேடுக்கு உள்ள கோணத்தைத்தான் இதுவரை பேசினோம். முடியோடு உள்ள கோணம் வேறு. முடி தோலிலிருந்து நேராக நிற்பதில்லை. ஒரு பக்கம் சாய்ந்தே முளைக்கிறது. 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சவர பிளேடு மழுங்குவதை மின்னணு நுண்ணோக்கியின்கீழ் பார்த்தார்கள். முடி எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் முடி வளைந்து, விளிம்பின் உறுதி குறைந்த ஓர் இடத்தில் சாய்வாகப் படும்போது எஃகிலிருந்து சில்லு பெயர்ந்துவிடுகிறது என்று கண்டார்கள். நீளமான முடி எளிதாக வளையும் என்பதால், நாலு நாள் தாடியைப் புதுப் பிளேடால் ஒரே இழுப்பில் எடுப்பதை நான் விட்டுவிட்டேன்.

இப்போது முகத்துக்கு வருவோம். ஒரே முகத்தில் ஒரே சாய்வு செல்லாது. கன்னம் சமதளம், அங்கே சாய்வைக் காப்பது எளிது. சிக்கல் தாடை எலும்பில் தொடங்குகிறது. கன்னத்திலிருந்து கழுத்துவரை ஒரே இழுப்பாக இழுக்கும்போது கைப்பிடி நிற்கும் கோணம் மாறுவதில்லை, தோல் திரும்பிவிடுகிறது. கன்னத்தில் சீவிக்கொண்டு வந்த பிளேடு, தாடையின் முனையில் தோலைவிட்டே விலகுகிறது. அது விலகியதை உணர்ந்து கை அழுத்துகிறது. அடியில் கழுத்துத் தோல் தொடங்கியதும் அந்த அழுத்தத்தோடு போய் விழுகிறது. என் கழுத்துச் சிவப்பின் பாதி இந்த ஒரே இழுப்பில்தான் வந்தது. இப்போது தாடை எலும்பில் நிறுத்திவிடுகிறேன். செட்டை எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்துத் தோலை இடக்கை விரல்களால் கீழே இழுத்துப் பிடித்து, மூடியைப் புதிதாக வைத்துச் சாய்வைத் தேடிய பிறகே தொடர்கிறேன். ஒவ்வோர் இழுப்பும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். தொண்டைமேட்டில் மட்டும் தோலைப் பக்கவாட்டில் நகர்த்தி, மேடில்லாத சமதளத்துக்குக் கொண்டுவந்து எடுக்கிறேன்.

முடிதிருத்தகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நம் ஊரில் இருமுனை பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகித்தான் சவரம் செய்கிறார்கள். அந்தக் கத்திக்கு மூடியும் கிடையாது, தடுப்பும் கிடையாது. சாய்வு முழுவதும் அவருடைய மணிக்கட்டில் இருக்கிறது. கழுத்துக்கு வரும்போது அவர் கத்தியை எவ்வளவு படுக்கவைக்கிறார், அதற்கு முன் இடக்கை விரல்கள் தோலை எப்படி இழுத்துக்கொள்கின்றன என்பதைக் கண்ணாடியில் கவனியுங்கள். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காததை அந்த நாற்காலியில்தான் கற்றேன்.

தடுப்புச் சாய்வுக்கு உரிமையுள்ள இடங்களும் உண்டு. மூக்குக்கு நேர்கீழே, மேலுதட்டின் உச்சியில், மூடிச் சாய்வில் செட்டின் தலை மூக்கில் இடித்துக்கொள்ளும். விளிம்பு அந்தக் கடைசி இரண்டு மில்லிமீட்டரை எட்டாது. அங்கே கைப்பிடியைத் தாழ்த்தித்தான் ஆக வேண்டும். அழுத்தமில்லாமல், ஒரே ஒரு சிறு இழுப்பு. மீசை வைத்திருப்பவருக்கு இந்த இடம் கிடையாது, ஆனால் அவருக்கு மீசைக் கோடு இருக்கிறது. மூடிச் சாய்வில் விளிம்பு மூடிக்குக் கீழே மறைந்துவிடுவதால் கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. கைப்பிடியைத் தாழ்த்தினால் மூடி விலகி விளிம்பு தெரியும். கிருதாவின் அடிவரையையும் அப்படியே சமன் செய்யலாம். இரண்டு பக்கமும் ஒத்துவர வேண்டிய கோடுகளுக்குத் தடுப்புச் சாய்வே சரி.

செட்டுகளை வாங்கும்போதும் இந்தச் சாய்வுகள் வந்து நிற்கின்றன. மூடியின் ஓரத்தையும் தடுப்பின் ஓரத்தையும் இணைத்து ஒரு கோடு கிழித்தால், விளிம்பு அந்தக் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செட்டுகள் வன்மையானவை, உள்ளே அடங்கியவை மென்மையானவை. ஜெர்மனியின் மியூலே நிறுவனத்தின் ஆர்89 மென்மையான பக்கம். சாய்வில் சிறு பிழை நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதே நிறுவனத்தின் சீப்புப் பல் ஆர்41 பொறுக்காது. அதில் தடுப்பின் பக்கம் சரிந்தால் அன்றே தெரிந்துவிடும். சாய்வு கைக்கு வருவதற்கு முன் ஆர்41 போன்றதை வாங்குவது காசைக் கொடுத்துக் காயத்தை வாங்குவதுதான். மெர்க்கூர் 37சி போன்ற சாய்தலைச் செட்டுகள் இன்னொரு வழியில் போகின்றன. அவற்றில் பிளேடு முறுக்கி வைக்கப்பட்டிருப்பதால் விளிம்பு முடியைக் குறுக்காகச் சந்திக்கிறது. மூடியில் படுக்கவைத்தால் அடர்ந்த தாடியும் எளிதாக வரும். கில்லெட் 1950-களின் இறுதியில் விற்ற, 1 முதல் 9 வரை திருகும் செட்டிலும், தட்டை மாற்றி மாற்றிப் போடும் ராக்வெல் செட்டிலும் மாறுவது இடைவெளியும் விளிம்பின் நீட்டமும்தான். எண்ணைக் கூட்டும்போது முந்தைய நாளின் கைப்பிடிக் கோணம் பொருந்தாது. சாய்வை மறுபடி தேட வேண்டும்.

கை பழகாதவருக்கு நான் முதலில் சொல்வது அமெரிக்க ஜெம் வகைச் செட்டை ஒருமுறை தொட்டுப் பார்க்கும்படிதான். அதன் ஒருமுனை பிளேடு தடிப்பானது, வளையாமல் தட்டையாகவே உட்காரும். தலையின் தட்டைப் பரப்பைக் கன்னத்தோடு ஒட்டி வைத்தாலே சாய்வு அமைந்துவிடுகிறது. சீவுவது எப்படி இருக்கும் என்று தோலுக்கு ஒரு நினைவு கிடைத்துவிட்டால், இருமுனைச் செட்டில் அதைத் தேடுவது எளிது.

சவரம் முடிந்து குளிர்ந்த தண்ணீரில் கழுவியதும் ஈரப் படிகாரக் கட்டியை முகம் முழுக்கத் தேய்க்கிறேன். சீவிய இடத்தில் அது குளிர்ச்சியாக மட்டும் இருக்கும். சுரண்டிய இடத்தில் கடிக்கும். நேற்று இடப்பக்கம் எங்குமே கடிக்கவில்லை. வலக்காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கடித்தது. அங்கே போகும்போது என் முழங்கை விலாவில் இடித்துக் கைப்பிடி தாழ்ந்துவிடுகிறது. நாளைக் காலை அந்த இடத்துக்கு மட்டும் செட்டை இடக்கைக்கு மாற்றிப் பார்க்கப்போகிறேன்.