மழைக்கு ஒரு சேடில், வெயிலுக்கு ஒரு சேடில்: நாலரை வருஷக் கிட்டார் பயிற்சி

போன வாரம் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கும் ஒருவர் கேட்டார்: "டீச்சர், நீங்க வச்சிருக்கிற அதே கிட்டார் விலை குறைஞ்சிருக்காம். மகனுக்கு எடுக்கவா?" அன்றைக்குத்தான் அது கண்டியில் பழுதுபார்த்துத் திரும்பி வந்திருந்தது. சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

2021 ஜனவரியில் வாங்கினேன். முகப்புப் பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம், ஒட்டுப்பலகை இல்லை. சத்தத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஜி கோர்ட்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை, ஒருமுறை மீட்டினால் தடித்த கம்பிகளின் அதிர்வு நெஞ்சில் தெரியும்.

ஆனால் முதல் ஆறு மாதம் கிழமைக்கு இரண்டு நாள்கூட வாசிக்கவில்லை. காரணம் அதன் பை. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, ஜிப்பைத் திறந்து, சுருதி சேர்த்து முடிப்பதற்குள் பள்ளிக்கூட நேரம் வந்துவிடும். ஒரு நாள் குசினிக்கும் முன்னறைக்கும் நடுச்சுவரில் கொளுக்கி அடித்து மாட்டினேன். வெளிச்சுவர் எங்கள் மலையூரான தலவாக்கலையின் மழையில் வியர்க்கும், அதனால் உள்சுவர். அதற்குப் பிறகு கடந்து போகும்போதெல்லாம் கை தானாக நீண்டது. பயிற்சிக்கு உதவியவற்றில் அந்தக் கொளுக்கிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

அடுத்தது மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் மிச்சம் வைக்க வேண்டும், சுருதி காட்டும் ட்யூனர் செயலியும் இல்லை. அப்போதுதான் காதால் சுருதி சேர்க்கப் பழகினேன். மிகத் தடித்த ஆறாம் கம்பியை ஐந்தாம் ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த ஐந்தாவது உலோகக் கோட்டருகே, அழுத்தினால் வருவது ஐந்தாம் கம்பியின் சுரம். அப்படியே ஒவ்வொன்றாகக் கீழே வரலாம், மூன்றாம் கம்பியில் மட்டும் நாலாம் ஃபிரெட். மெழுகுதிரி வெளிச்சத்தில் கோர்ட் மாற்றிப் பழகியதால் இன்றைக்கும் விரலைப் பார்க்காமல் பிடிக்க வருகிறது.

இப்போது காலை 5.40 முதல் 6 மணி வரை. சாயத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து விரலைச் சூடாக்கிக்கொள்வேன், குளிரில் விரல் மடங்காது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஐந்து நிமிடம் தனித்தனிச் சுரம். அப்புறம் ஒரு நிமிடத்தில் ஜி கோர்ட்டிலிருந்து சி கோர்ட்டுக்கு எத்தனை முறை சுத்தமாக மாறுகிறேன் என்று எண்ணிக் கொப்பியில் எழுதுவேன். மிச்ச நேரம் பிடித்த பாட்டு.

இந்த ஒழுங்கைக் காப்பாற்றியவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அவருடைய காம்பராவுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அடுப்பு மூட்டும் நேரம்தான் என் பயிற்சி நேரம். இரண்டு நாள் நான் வாசிக்காமல் விட்டபோது வாசலுக்கே வந்துவிட்டார்: "என்ன புள்ள, சத்தத்தக் காணோம், மேலுக்குச் சரியில்லையா?" என் தப்புகளையும் சேர்த்து ஒரு மனுஷி தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு காரணமில்லாமல் ஒரு காலையையும் விட்டதில்லை.

சரி, இனி என் கோபம். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் இந்தக் கிட்டார் வேறு கிட்டார் ஆகிவிடும். மரத்துக்கு நல்லது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். என் முன்னறையில் வைத்த மானி ஜூன் காலைகளில் 88 காட்டுகிறது. முகப்புப் பலகை ஈரம் குடித்து உப்பும், அதில் ஒட்டிய, கம்பிகளின் நுனியைப் பிடிக்கும் பிரிட்ஜ் கட்டையும் சேர்ந்து எழும்பும், கம்பிகள் உயரும். 12ஆம் ஃபிரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே 2.5 மில்லிமீற்றர் இருந்த இடைவெளி 3.5ஐத் தாண்டியது. ஏழாம் ஃபிரெட்டில் பி மைனர் கோர்ட் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். நான்கு மழைக்காலமும் கொப்பியில் எண்கள் இறங்கின. கை மறந்துவிட்டதோ என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

இரண்டாவது வருஷம் பக்கத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். ஜூலையில் சேடிலை, அதாவது பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டை, தேய்த்து இறக்கித் தந்தார்கள். ஜனவரி வெயிலில் பலகை காய்ந்து தாழ்ந்ததும் ஒவ்வொரு கம்பியும் ஃபிரெட்டில் பட்டு இரைந்தது. திரும்பக் கொண்டுபோனால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைத் திருகினார்கள். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய இருப்பது, கம்பியின் உயரத்தை மாற்ற அல்ல. இரைச்சல் போகவில்லை, காசு போனது. மழைக்காலமா வெயில்காலமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இதை எழுதும்போதும் ஆத்திரம் வருகிறது.

இந்தத் தடவை கண்டியில் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வியே "எந்த ஊர், எவ்வளவு உயரம்?" என்பதுதான். எலும்பில் இரண்டு சேடில் செதுக்கித் தந்தார்: மழைக்குப் பதிந்தது, வெயிலுக்கு உயர்ந்தது. கம்பியையும் 0.012 அங்குலத் தொகுதியிலிருந்து மெல்லிய 0.011 தொகுதிக்கு மாற்றினார், பலகையின் மீது இழுவை குறையும். கூலி 7,500 ரூபா.

நியாயமாகப் பார்த்தால் மரத்தின் மீது பிழை இல்லை. நன்றாக ஒலிக்கும் மெல்லிய மரம் ஈரத்துக்கு அசையத்தான் செய்யும். இருந்தாலும் அந்த நண்பருக்கு என் பதில்: மகனுக்கு இதை எடுக்க வேண்டாம். ஒட்டுப்பலகையில் ஒன்று எடுங்கள், சத்தம் கொஞ்சம் குறைந்தாலும் ஜூனில் பிள்ளையின் கையை நோகடிக்காது. கூடவே ஒரு கொளுக்கி வாங்கி உள்சுவரில் அடியுங்கள். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியைத் துடைக்கச் சொல்லுங்கள், இந்த ஊரில் துரு சீக்கிரம் பிடிக்கும்.

அப்படியானால் உங்களுடையதைத் தருகிறீர்களா என்று கேட்டார். தர மாட்டேன். இப்போது மழைச் சேடில் ஏறியிருக்கிறது. மற்றது மேசை லாச்சியில் பஞ்சு சுற்றி இருக்கிறது, தைப்பொங்கல் கழிந்து மாற்ற வேண்டும்.