காதா, கையா, ஜாக்கியா? பத்மினியின் முன்சக்கர பேரிங்கைச் சோதிக்கும் வழிகள்

பழைய பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்களுக்கு முன்பக்கத்திலிருந்து வரும் அந்த 'ஊம்ம்' சத்தம் தெரிந்திருக்கும். வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். உடனே எல்லோரும் சொல்வது, "வீல் பேரிங் போச்சு சார்." சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்புக்குள், சக்கரம் தடையில்லாமல் சுழலப் போட்டிருக்கும் வளையம்தான் அது. போயிருக்கலாம். ஆனால் ஒரே ஒரு சோதனையை நம்பி பேரிங் வாங்கப் போய்விடாதீர்கள். நான் அப்படித்தான் ஒருமுறை இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டேன். சக்கரத்தில் இருந்த ஆட்டம் அப்படியே இருந்தது. தேய்ந்திருந்தது கிங்பின் புஷ். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் திரும்பும் நிமிர்ந்த ஊசிதான் கிங்பின்; அதைச் சுற்றியிருக்கும் குழல் புஷ்.

முதலில் ஓட்டிக் கேட்பது. செலவில்லாத வழி, ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு சத்தம், விட்டால் வேறு சத்தம் என்றால் பின்சக்கரங்களுக்கு இழுவிசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைப் பாருங்கள். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறியதும் சத்தம் மாறினால் டயர். இரண்டுக்கும் மாறாமல் வேகத்தோடு மட்டும் கூடிக் குறைந்தால்தான் பேரிங் மேல் சந்தேகம். காலியான ரோட்டில் வண்டியை மெதுவாக வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடது சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங். இதன் குறை என்னவென்றால், பேரிங் நன்றாகக் கெட்ட பிறகுதான் காதுக்குத் தெரியும்.

அடுத்தது ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்ப்பது. எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் செய்வது இதுதான். அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்கிறது. ஆனால் அந்த ஆட்டம் பேரிங்கிலிருந்தும் வரலாம், கிங்பின்னிலிருந்தும் வரலாம். எது என்று கண்டுபிடிக்க உதவிக்கு இன்னோர் ஆள் போதும்: பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும், சக்கரத்தோடு சுழலும் டிரம், பிரேக் ஷூக்களைத் தாங்கும் சுழலாத பின்தட்டோடு இறுகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் நின்றுவிடும். அப்படியும் ஆடினால் கிங்பின். எனக்கு அன்று யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஒரு செட் பேரிங் மிச்சமாகியிருக்கும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் சத்தம் வந்தால் ஸ்டீயரிங் பால் ஜாயின்ட்டுகளைப் பாருங்கள்.

இன்னொன்று. டேப்பர் ரோலர் பேரிங் (ஒரு பக்கம் குறுகிய உருளைகள் கொண்டது) போட்ட கார்களில் கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். உதாரணமாக இங்கிலாந்தின் எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொல்லப்படும் அளவு 0.05 முதல் 0.10 மி.மீ. துளிகூட ஆடக்கூடாது என்று நட்டை இறுக்கினால் பேரிங் சூடேறிக் கருகும்.

மூன்றாவதுதான் நான் நம்புவது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி கீழே கை விடாதீர்கள்), ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். மற்றக் கையின் விரல்களை காயில் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணலை அரைப்பதுபோல ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். காதுக்கு எட்டாத நிலையிலேயே இது தெரிந்துவிடும். அம்பாசடரில் முன்னால் காயில் கிடையாது, முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பார்தான். அதற்கு நீள ஸ்குரூ டிரைவரின் முனையைப் பின்தட்டில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்க வேண்டும். பிரேக் உரசும் சத்தமும் கலந்து வரும் என்பதால் ஷூவைத் தளர்த்திவிட்டுச் செய்யுங்கள்.

ஓட்டி நிறுத்திய பின் ஹப்பைத் தொட்டுச் சூடு பார்ப்பவர்களும் உண்டு. டிரம் பிரேக் வண்டியில் ஒட்டிக்கொண்ட ஷூவும் அதே சூட்டைத் தரும் என்பதால் அதற்கு நான் பெரிய மதிப்பு தருவதில்லை.

கடைசியில் கழற்றித்தான் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கிரீஸ் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆயில் சீலும் போய்விட்டது. நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியிருக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில், ரோலர்கள் உட்கார்ந்த இடமெல்லாம் வெளி வளையத்தில் சம இடைவெளியில் கோடு விழுந்திருக்கலாம். விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்த பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். ஹப்புக்குள் இறுகியிருக்கும் வெளி வளையத்தையும் தட்டி எடுத்து, செட்டாகவே மாற்றுங்கள்.