செம்பவாங்கில் ஒரு புரோட்டாக் கடை

அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. அதனால் நான் வளர்ந்தது சிங்கப்பூரின் செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். சாயங்காலம் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வரிசையாக வெளியே வரும். 1971-இல் வெள்ளைக்காரப் படை கிளம்பியபோது எனக்குப் பத்து வயது. கான்பரா, வெலிங்டன் என்ற சாலைப் பெயர்கள் மட்டும் இன்னும் அங்கே இருக்கின்றன.

போன ஞாயிறு அந்தப் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்தேன். கோசோங், அதாவது எதுவும் சேர்க்காத வெறும் புரோட்டா, அருமை: ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்தென்று, விரலால் இழுத்தால் ஏடு ஏடாகப் பிரிகிறது. மீன் குழம்பில் புளி தூக்கல். அம்மா வைப்பதும் அப்படித்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர்தான் சர்க்கரைப் பாகு. இனிப்பைக் குறைக்கச் சொல்லியும் அப்படியே வந்தது. முட்டைப் புரோட்டாவுக்கு இருபது நிமிடம் காத்திருந்தேன். பசியோடு போகாதீர்கள்.