சினை நாயை நம்பி ஒப்படைத்த இடத்தில் நேர்ந்தது

சென்ற தை மாதம், என் தாயாரின் கண் அறுவைச் சிகிச்சைக்காகக் கோயம்புத்தூரில் ஒரு வாரம் தங்க வேண்டியிருந்ததால், நிறைசினையாக இருந்த எங்கள் லாப்ரடார் நாயைக் கோத்தகிரியிலிருந்து உதகை செல்லும் சாலையை ஒட்டிய ஒரு நாய் வளர்ப்பகத்தில் விட்டுச் சென்றேன். இரவும் பகலும் ஆள் இருக்கும், அழைத்தால் மருத்துவர் உடனே வந்துவிடுவார் என்று சொல்லி 9,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். இணை சேர்த்த 57ஆம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் ஆறு குட்டிகளின் மண்டையோடுகள் எண்ணும்படி தெரிந்தன. அந்தப் படத்தையும் ஒரு புதிய தெர்மாமீட்டரையும் கொடுத்து, தினமும் இருவேளை உடல் வெப்பம் பார்க்குமாறும், அது 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈன்றுவிடும் என்பதால் உடனே எனக்குச் சொல்லுமாறும் கேட்டுக்கொண்டேன்.

62ஆம் நாள் நள்ளிரவில்தான் அழைப்பு வந்தது: ஐந்து குட்டிகள், மூன்று இறந்துவிட்டன, எல்லாம் முடிந்தது. விடிவதற்குள் மேட்டுப்பாளையம் வழியாக மலையேறிப் போய்ப் பார்த்தால், வெளியே புல்லின் மேல் உறைபனி. உள்ளே தகரக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில், ஒரு சாக்கின் மேல் என் நாய் முக்கிக்கொண்டிருந்தது. பிறந்த குட்டிகளால் முதல் வாரத்தில் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. படுக்கையில் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். விளக்குக்கென நாளொன்றுக்கு 200 ரூபாய் கணக்கெழுதியிருந்த அந்த இடத்தில் பல்பு இல்லாத ஹோல்டர் தொங்கியது. தெர்மாமீட்டர் உறைகூடப் பிரிக்கப்படாமல் ஜன்னல் விளிம்பில் கிடந்தது.

வேலைக்கு இருந்த பையன் எதையும் மறைக்கவில்லை. "சாயங்காலமே பச்சையா தண்ணி வந்துச்சுண்ணா, குட்டி வரல. ஓனர் போன்ல சொன்னாரு, வலி ஊசி ரெண்டு போட்டேன்" என்றான். முதல் குட்டி வருமுன் பச்சை நீர் கசிந்தால் நஞ்சுக்கொடி பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் நாயை வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும். வலி ஊசி என்று சொல்லப்படும், கருப்பையைச் சுருங்கவைத்துப் பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசினை, குட்டி வழியில் சிக்கியிருக்கிறதா என்று சோதிக்காமல் போட்டால், அடைபட்ட கருப்பை இறுகி இறுகிக் கிழியவும் கூடும். உள்ளே மிச்சமிருக்கும் குட்டிகளுக்குப் பிராணவாயு குறைந்துவிடும்.

ஆறாவது குட்டி எங்கே என்று கேட்டதற்கு, எக்ஸ்ரே தவறாக இருக்கும் என்றார் உரிமையாளர். உதகையில் வயிற்றைத் திறந்தபோது அது குறுக்காகக் கிடந்து இறந்திருந்தது. தாய் பிழைத்தது, இரண்டு குட்டிகளும் பிழைத்தன.

நாய் இனப்பெருக்கம் செய்வோர் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பிறகு கேட்டபோது அவர்கள் எடுத்துக் காட்டியது தங்கள் ஆண் நாயின் வம்சாவளிச் சான்றிதழ். ரசீதில் மருத்துவர் கட்டணம் 1,500 ரூபாய் என்று இருக்கிறது. எந்த மருத்துவர் என்ற கேள்விக்குப் பதில் இல்லை; தையல்கூடப் பிரிக்காத நாய்க்கு, அடுத்த பருவத்தில் இலவசமாக இணை சேர்த்துத் தருவதாக மட்டும் சொன்னார்கள்.