அமுக்கரா: வேராக வாங்குவதா, தூளாக வாங்குவதா?

சூரணமும் லேகியமும் தயாரிக்கும் எங்கள் சிறு கூடத்துக்கு முன்பு அமுக்கராவை (அஸ்வகந்தாவை) தூளாக வாங்கினோம்; இப்போது காய்ந்த வேராகவே வாங்கி நாங்களே அரைத்துக்கொள்கிறோம். இரண்டையும் கையாண்ட பிறகு நான் வேரின் பக்கமே சாய்கிறேன்.

தூளின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை. மூட்டையைப் பிரித்த அன்றே வேலையைத் தொடங்கலாம். கழுவுவது, உலர்த்துவது, அரைவைச் சேதாரம் என எதுவும் இல்லை. 80 மெஷ் (சல்லடைக் கண்ணின் நுண்மையைக் குறிக்கும் அளவு) என்று கேட்டால் அந்த நயத்திலேயே வரும். சத்து பானக் கலவைகளைப் பெருமளவில் தயாரிப்பவர்களுக்கு இது பெரிய மிச்சம்தான்.

ஆனால், எங்கள் முடிவைத் தீர்மானித்தது கலப்படம் ஒன்றே. மத்தியப் பிரதேசத்தின் மந்தசோர், நீமச் வட்டாரங்களில் அறுவடையின்போது செடியை வேரோடு பிடுங்கி, மேற்பகுதியை வெட்டி எறிவார்கள். வேருக்குத்தான் விலை, இலையும் தண்டும் மிக மலிவு. அவற்றை வேரோடு சேர்த்து அரைத்துவிட்டால், வெறும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது மிகக் கடினம். இதில் கவலை தருவது என்னவென்றால், அமுக்கராவின் முக்கிய வேதிப்பொருள்களான வித்தனோலைடுகளின் மொத்த அளவை மட்டும் காட்டும் ஆய்வறிக்கை இந்தக் கலப்படத்தைப் பிடித்துக்கொடுக்காது. இலையிலும் வித்தனோலைடுகள் தாராளமாக இருப்பதால், இலை கலந்த தூளும் நல்ல எண்ணிக்கையோடு தேறிவிடும். அதிலும் செல்களைப் பாதிக்கும் தன்மையுள்ள வித்தாஃபெரின் ஏ என்ற வித்தனோலைடு இலையில்தான் மிகுதி. அமுக்கரா இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

வேர் எதையும் மறைக்காது. கையால் ஒடித்தால் நல்ல வேர் சட்டென்று முறியும். முறிந்த இடம் மாவு போல வெளுத்திருக்கும். வளைந்துகொடுத்தால் ஈரம் போகவில்லை. நார் நாராகப் பிரிந்தால் முற்றிய வேர். மேலே ஊசித் துளைகள் தெரிந்து, தட்டும்போது பொடி உதிர்ந்தால் வண்டு புகுந்த பழைய சரக்கு. இவ்வளவையும் வாசலிலேயே, மூட்டையை இறக்கும் முன்பே பார்த்துவிடலாம். அரைத்தபின் ஈரம் இழுத்துக் கட்டிதட்டும் என்பதால், தேவைக்கேற்ப அவ்வப்போது அரைத்து, உடனே பாலில் பிட்டவியல் செய்து (பாலின் ஆவியில் பிட்டுபோல அவித்து) சுத்திகரிப்பை முடித்துவிடுகிறோம்.

மாத்திரை, கேப்ஸ்யூல் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் 5 சதவீத வித்தனோலைடு என்பது போல அளவு நிர்ணயித்த சாற்றுப்பொடியை வாங்குகிறார்கள். என் அனுபவம் சூரணத்தோடும் லேகியத்தோடும் நின்றுவிடுவதால், அந்தக் கணக்கில் நான் தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது.

தூளாகத்தான் வாங்கியாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், வித்தாஃபெரின் ஏ அளவைத் தனியாகக் காட்டும் அறிக்கையையும் நுண்ணோக்கிச் சோதனையையும் கட்டாயம் கேட்க வேண்டும். வேர்த்தூளில் மாவுமணிகள் தெரியும், இலைத்துளைகள் தெரியாது. இலைத்துளைகள் தென்பட்டால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.